தொட்டியும் ஆறும்

நிலையான ஆணைகள், பிரிவு ஏழு, உட்பிரிவு ஆ: "மூலநிரல் இருக்கும் இடத்தில், அதிலிருந்து உருவாக்கப்பட்ட எந்தக் கோப்பும் இருத்தல் கூடாது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உருவாக்கப்படுபவை அந்தந்த இயந்திரத்தின் பெயர் கொண்ட தனி இடத்தில் சேர வேண்டும். இதை மாற்ற வேண்டுமானால் எழுத்துமூலமான ஆணை தேவை."

இதை எழுதியவன் நான். கையெழுத்திட்டவர் எங்கள் இயக்குநர். நச்சரித்துக் கேட்டு வாங்கியவள் எங்களிடம் நிரல் எழுதிய ஒரு பெண். பிறகு, கையெழுத்திட்டவர் மீறினார்; கேட்டு வாங்கியவளுக்கு வேலை போயிற்று. எழுதியவனான நான் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று கணினி மூலம் அளந்து சொல்வதற்காகத் தொண்ணூறுகளின் நடுவில் தச்சநல்லூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் தொடங்கப்பட்ட சிறு நிலையம் அது. இன்று அது இல்லை. அதன் பெயர் யாருக்கும் தேவையும் இல்லை. நான் அங்கே நிர்வாக அலுவலர். அவள் மேலப்பாளையத்திலிருந்து வந்த நிரலாளர். தகுதிகாண் பருவத்தில் இருந்தவள். மெலிந்த உடம்பு, தலையில் எப்போதும் நழுவிக்கொண்டிருக்கும் முக்காடு, அதை இழுத்துவிட்டுக்கொண்டே கேள்வி கேட்கும் வழக்கம். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

வேலையில் சேர்ந்த அன்று அவள் கொடுத்த அறிக்கையின் நகலைத் தட்டில் போட்டேன். அவள் போகவில்லை.

"சார், இது எங்கன போய் விழும்?"

"எது?"

"இந்தக் காப்பி. இந்தத் தட்டுலேருந்து எங்கன போவும்?"

"தபால் பிரிவுக்கு."

"அங்கேருந்து?"

"ஏம்மா, நீ வேலைக்குச் சேர வந்திருக்கியா, தணிக்கை பண்ண வந்திருக்கியா?"

"கோவிச்சுக்கிடாதீங்க சார். ஒரு பொருளை ஒருத்தர் கையில குடுத்தா, அது கடைசியா எங்கன போய் விழும்னு தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி."

நிம்மதி என்று அவள் சொன்னாளே தவிர, அந்தக் கேள்வியால் அலுவலகத்தில் வேறு யாருக்கும் நிம்மதி இருக்கவில்லை. தேநீர் கொண்டுவருகிறவரிடம் குடித்த தம்ளரை எங்கே வைப்பது என்று கேட்டு, அவர் இடத்தைக் காட்டிய பிறகுதான் தம்ளரைக் கையில் வாங்குவாள். பேருந்தில் ஏறும்முன் மற்றவர்கள் 'மேலப்பாளையம் போவுமா' என்று கேட்பார்கள். அவள் 'மேலப்பாளையத்துல எங்கன இறக்கிவிடுவீங்க' என்று கேட்பாள். நடத்துநர்கள் அவளைப் பார்த்ததும் முன்கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள் என்று எங்கள் தட்டச்சர் ஒரு கதை கட்டியிருந்தார். அதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.

கணினி அறைக்குக் குளிர்பதனப் பெட்டி வந்த வருடம், ஊழியர்கள் பலர் மாலையில் நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்குப் போனார்கள். சைக்கிள் இருக்கைகள் தினமும் ஈரமாக இருந்தன. காக்கையைச் சொன்னார்கள், மாடிவீட்டுக்காரரைச் சொன்னார்கள். இயக்குநர், காவலாளிக்கு ஒரு குறிப்பாணையே அனுப்பினார். அவள் மட்டும் வெளியே போய், அந்தப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கே விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒரு ரப்பர் குழாயைச் செருகிக் கறிவேப்பிலைச் செடிக்குத் திருப்பிவிட்டாள். "குளுகுளுன்னு உள்ள இருக்கோம்லா, அதோட மிச்சம் எங்கயாவது விழத்தானே செய்யும்" என்றாள். குறிப்பாணையை யாரும் திரும்பப் பெறவில்லை. அது காவலாளியின் கோப்பில் இன்னும் இருக்கும்.

அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளே ஒரு மதிய உணவின்போது சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரவங்க வந்தாங்க சார். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நிக்காஹ் முடிஞ்சா நான் எங்கன இருப்பேன்னு. 'மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு'ங்காங்க. மாப்பிள்ளை எங்கன இருக்காருன்னு நான் கேக்கலியே. உம்மா அடுப்பங்கரையிலேருந்து கண்ணைக் காட்டுது. நான் விடலை."

"அப்புறம்?"

"வந்தவங்க டீயக்கூடக் குடிக்காம போயிட்டாங்க. வாப்பா ஒரு வாரம் பேசலை. பேச ஆரம்பிச்சதும் சொன்ன முதல் வார்த்தை, 'வேலை உள்ளூர்ல இருக்கதுவரை நான் வாயத் தொறக்க மாட்டேன். வேலை போச்சுன்னா நான் சொல்லுற இடத்துக்குக் கழுத்த நீட்டணும்.'"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கும் அன்று அது வேடிக்கையாகவே பட்டது. அந்த வேலை அவளுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவாக ஒரு வாக்கியம் சொல்ல முடியாது.

அவள் செய்த வேலையையும் சொல்லியாக வேண்டும். விதி எழுதுகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் நான் அதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும்; அந்த அசைவு கம்பி வழியாக ஒரு கணினிக்குள் போகும். எங்கள் கணினிகளில் லினக்ஸ் இருந்தது. லினக்ஸின் கருவுக்குக் கர்னல் என்று பெயர். மிதவையோடு பேச அதற்குத் தெரியாது. பேசக் கற்றுக்கொடுத்து அதற்குள் செருகப்படும் துண்டு நிரலுக்கு மாட்யூல் என்று பெயர். அதைத்தான் அவள் எழுதினாள்.

சோதனைக்காக எங்கள் கட்டடத்தின் பின்புறம் ஆளுயரச் சிமென்ட் தொட்டி ஒன்றும், அதில் ஒரு சிறிய மிதவையும், தனியாக ஒரு கணினியும் இருந்தன. ஆக, அவள் எழுதும் மூலநிரல் ஒன்று, அதிலிருந்து கணினியில் செய்யப்படும் மாட்யூல் இரண்டு: தொட்டியின் உயரத்துக்குக் கணக்குப் போடுவது ஒன்று, ஆற்றின் உயரத்துக்குக் கணக்குப் போடுவது இன்னொன்று. இரண்டுக்கும் கோப்புப் பெயர் ஒன்றுதான். அந்தக் காலத்து வழக்கப்படி விட்டுவிட்டால், செய்யப்பட்ட கோப்பு மூலநிரலுக்குப் பக்கத்திலேயே வந்து விழும். செய்து தருவது 'மேக்' என்ற கட்டுமான நிரல். அது கடிகாரத்தை மட்டும் பார்க்கும். மூலநிரலைவிடப் புதிய கோப்பு ஏற்கெனவே பக்கத்தில் கிடந்தால், 'செய்ய ஒன்றுமில்லை' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளும். கிடப்பது தொட்டிக்காகச் செய்ததா, ஆற்றுக்காகச் செய்ததா என்று கேட்காது. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இருக்கவில்லை.

கோப்புகளைப் பிரித்து வைக்க, கணினியில் அவள் இரண்டு டைரக்டரிகள் வைத்திருந்தாள். ஒன்றின் பெயர் தொட்டி, மற்றதன் பெயர் ஆறு. எதற்காகச் செய்கிறோமோ அதில்தான் போய் விழும்படி மேக்குக்கு ஆணை எழுதியிருந்தாள். மூலநிரல் இருக்கும் இடத்தில் குப்பை கிடக்காது. இதை விதியாக்க வேண்டும் என்று என் மேசைமுன் வந்து வந்து நின்றாள். நான் எழுதிய வரைவில் 'இயன்றவரை' என்று ஒரு சொல் இருந்தது. "இந்த வார்த்தை வழியா எல்லாம் வெளிய போயிரும் சார்" என்று அதை அடித்துவிட்டாள். என் வரைவில் இன்னொருவர் பேனா படுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் அடித்தது சரிதான்.

இயக்குநர் படிக்காமலே கையெழுத்திட்டார். நல்ல குரல், நல்ல உடை, கூட்டங்களில் கைதட்டு வாங்கத் தெரிந்த மனிதர். அவருக்குப் பிடித்த சொல் 'ஒரே இடம்'.

சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று தெரிந்ததும் அவளை அழைத்தார். நானும் இருந்தேன்.

"ஏம்மா, இதென்ன தொட்டி, ஆறுன்னு அங்கொண்ணும் இங்கொண்ணுமா வச்சிருக்க? வாரவங்க ஒரு கதவைத் தொறந்தா நாம செஞ்சது பூராத்தையும் பாக்கணும். எல்லாத்தையும் ஒரே இடத்துல போடு."

"ஒரே இடத்துல போட்டா ஒண்ணு மேல ஒண்ணு விழும் சார். ரெண்டுக்கும் பேரு ஒண்ணு."

"விழட்டும். வேணும்போது திரும்பச் செஞ்சுக்கிடலாம்லா?"

"ஒவ்வொரு தடவையும் பழசைத் தொடச்சிட்டுத்தான் செய்யணும். யாராவது மறந்தா, மேக் பழசையே எடுத்துக் குடுத்துரும்."

"மறக்காதே. அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்."

எழுத்துமூலமாக ஆணை வேண்டும் என்று நான் சொன்னேன். பிரிவு ஏழு, உட்பிரிவு ஆ. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீரே எழுதி, நீரே எனக்குப் படிச்சுக் காட்டுதீரா வே? குழு போன பொறவு ஆணை போட்டுக்கிடலாம்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். அன்று மாலையே எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தன. கணினி அறைக் கதவில் ஒட்ட 'ஒரே இடம்' என்று ஒரு பெயர்ப்பலகைகூட எழுதச் சொன்னார் இயக்குநர்.

குழு வந்தது ஐப்பசி மழைக்காலத்தில். அணைக்கட்டுக் கணினி முந்தைய இரவின் மின்வெட்டில் படுத்துவிட்டதென்று காலையில் தகவல் வந்தது. மாட்யூலைப் புதிதாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அவள் பின்பக்கம், விருந்தினருக்குக் காட்டத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். நான் சொல்லவும் செய்தேன். சென்னையில் ஒரு வாரம் பயிற்சி பெற்றிருந்த இயக்குநர், தானே செய்வதாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆற்றுக்கான ஆணையைத் தட்டினார். திரையில் ஒரு வரி வந்தது: செய்ய ஒன்றுமில்லை, எல்லாம் புதிதாகவே இருக்கிறது.

"பாத்தீரா வே? எல்லாம் தயாரா இருக்கு. ஒரே இடத்துல இருந்தா இதான் வசதி."

பக்கத்தில் கிடந்தது முந்தைய நாள் தொட்டிக்காகச் செய்த கோப்பு. ஆற்றுக்கு என்று கேட்டவருக்கு மேக் அதையே காட்டியது. அவர் அதை ஃபிளாப்பியில் ஏற்றி ஜீப்பில் ஸ்ரீவைகுண்டத்துக்கு அனுப்பினார். அங்கே அது செருகப்பட்டது, ஓடியது, எண்களும் வந்தன. தவறான எண்களை இயந்திரம் வெட்கப்பட்டுக்கொண்டே தருவதில்லை.

பிற்பகலில் இயக்குநர் அறையில் குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள். தொலைபேசி வழியாக அணைக்கட்டிலிருந்து வரும் மட்டம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே மலையில் விடாத மழை. எண் மெல்ல ஏறி ஓர் இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. "பாருங்கள், ஆறு கட்டுக்குள் இருக்கிறது" என்று இயக்குநர் தூய தமிழில் விளக்கினார். தொட்டிக்காகச் செய்த கணக்கு தொட்டியின் உயரத்துக்கு மேல் எண்ணாது; எந்த மழைக்கும் சிமென்ட் தொட்டியின் விளிம்பைத் தாண்டாத ஆறு.

அவள் கதவருகே வந்து நின்று திரையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்.

"சார், அது ஆறு இல்ல. நம்ம தொட்டி."

இயக்குநர் சிரித்தார். "புள்ள பகடி பண்ணுது" என்றார். குழுவும் சிரித்தது.

அவள் என் அறைக்கு ஓடி அணைக்கட்டுக்குத் தொலைபேசி போட்டாள்; நானும் பின்னாலேயே போனேன். எடுத்தது அங்கே மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர். சுவரில் வர்ணம் பூசிய அளவுகோலைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவர் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

"அளவுகோலா? அது முங்கிப் போச்சும்மா! அணைக்கட்டு மேலயே தண்ணி போவுது. வாய்க்கா மதகை இறக்கவா வேண்டாமான்னு கேட்டா, உங்க கம்ப்யூட்டர் சொல்லட்டும்ங்கான் ஆபீசுல. உங்க கம்ப்யூட்டர் என்ன தூங்குதா?"

அந்தப் பருவத்தில் மதகை இறக்கி வாய்க்காலை அடைக்க எங்கள் நிலையத்தின் அளவுதான் ஆதாரம் என்று பாசனப் பிரிவுக்கு உத்தரவு போயிருந்தது. அளவு தவறென்று இயக்குநர் கையெழுத்திட்டு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நான்கு வரி. அவள் எழுதினாள், நான் எடுத்துக்கொண்டு போனேன். குழுவின் தலைவர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். இயக்குநர் தாளைப் படித்தார். இந்த முறை படித்தார். படித்துவிட்டு அதை, தாள் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருந்த கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்தார்.

"இவங்க போவட்டும் வே" என்றார் தாழ்ந்த குரலில்.

"தண்ணி வாய்க்காலுக்குள்ள போகுது சார்."

"அரைமணி நேரத்துல ஊரே முங்கிராது."

ஊர் மூழ்கவில்லை. அவர்கள் காப்பி குடித்து, தொட்டியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் வாய்க்கால் கரை உடைந்து வாழைத்தோட்டங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. குலை தள்ளி நின்ற வாழைகள். மறுநாள் விவசாயிகள் சாய்ந்த குலைகளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் போட்டார்கள். "அளந்து பாருங்க அண்ணாச்சி, இதையும் உங்க மிஷினை வச்சு அளந்து பாருங்க" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கத்தவில்லை.

ஒரு பொறுப்பாளி தேவைப்பட்டார். மாட்யூலை எழுதியவள் அவள். ஆகவே மாட்யூல் செய்ததெல்லாம் அவள் செய்தது. இயக்குநர் அவளிடம் விளக்கம் கேட்டார். விளக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

"கவனக்குறைவு ஏற்பட்டது, மன்னிக்கவும்னு ஒரு வரி எழுதிக் குடு. நான் பாத்துக்கிடுதேன். வேலை போவாது."

"யாரோட கவனக்குறைவு சார்?"

"ஏம்மா, ஒரு வரிதானே?"

"அந்த ஒரு வரி என் சர்வீஸ் புக்குல போய் விழும் சார். ஃபிளாப்பியில ஏத்துனது நீங்க. அதை நான் எப்படி என் பேர்ல வாங்கிக்கிடுவேன்?"

அவளுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று அலுவலகத்தில் பலர் பரிதாபப்பட்டார்கள். ஒரு வரி எழுதினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று அவளிடமே கேட்டார்கள். ஏற்கெனவே வாழை மூழ்கிவிட்டது, அதற்கு என் பெயரை எதற்குக் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதர் அந்தக் கட்டடத்தில் இருந்தார். இயக்குநர் அந்த வாரம் விடுப்பில் போனார்.

கவனக்குறைவால் சேதம் விளைவித்தாள், ஆகவே தகுதிகாண் பருவத்தில் பணி திருப்தியாக இல்லை என்று, விசாரணை எதுவும் இல்லாமல் அவளை நீக்கினார்கள். குற்றச்சாட்டு இருந்தால் விசாரணை வேண்டும். விசாரணை இல்லையென்றால் குற்றம் சொல்லக் கூடாது. இந்த ஆணை இரண்டையும் ஒரே வரியில் மீறியது. நான் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். நடந்ததைப் பார்த்த சாட்சி என்று என் பெயரையும் அதில் போட்டேன். அவள் கையெழுத்திட்டாள். அது சென்னைக்குப் போயிற்று.

பின்னாளில், அந்தக் கர்னலைக் கட்டுகிறவர்களே, செய்யப்படும் கோப்புகளை மூலத்துக்கு வெளியே வேறிடத்தில் போட ஒரு வழி வைத்தார்களாம். வெளியாட்கள் எழுதும் மாட்யூல்களுக்கு அந்த வசதி முறையாகக் கிடைத்தது மிக அண்மையில்தான் என்கிறான் அந்தத் துறையில் இருக்கும் என் மருமகன். உலகத்துக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டதை அவள் தச்சநல்லூரில் இரண்டு டைரக்டரிகளை வைத்துச் செய்துகாட்டினாள். அதற்குத்தான் இந்தச் சன்மானம்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அவளுடைய பணியிடத்தை நிரப்பக் கூடாது. நிரப்பிவிட்டால், பிறகு அவள் பக்கம் தீர்ப்பு வந்தாலும் சேர்க்க இடம் இருக்காது. எனவே அந்த இடத்தை நிரப்பக் கேட்கும் கோப்பு ஒவ்வொரு முறை என்னிடம் வரும்போதும் 'பதில் நிலுவையில், நிரப்ப இயலாது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இயக்குநர் வேறு பேனாவில் அதே கோப்பை மறுபடி அனுப்புவார். நான் மறுபடி எழுதுவேன். அவர் அந்த இடத்தில் வைக்க நினைத்தது தன் உறவினர் ஒருவரை என்று அலுவலகம் முழுவதற்கும் தெரியும்.

அவள் மேலப்பாளையத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை வேலையாக அவள் வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஷார்ஜாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து காத்திருந்தது. அவள் தவணை கேட்டிருந்தாள். அவ்வப்போது அலுவலகத்துக்கு வருவாள். இயக்குநர் அறையைத் தாண்டும்போது செருப்புச் சத்தத்தைக் குறைக்க மாட்டாள்.

"பதில் வந்துச்சா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"நினைவூட்டு எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"அதுக்கு?"

"அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்திருக்கு."

அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

கடைசியாக வந்தது நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வாரம்.

"உங்களுக்கு ஒரு மாசம் நீட்டிப்பு கேக்க முடியாதா சார்?"

"கேட்டாலும் தர மாட்டாங்க."

"வாப்பா இந்த மாசக் கடைசிவரைக்கும்தான் பொறுப்பாராம். வேலை இல்லன்னு ஆயிட்டா ஷார்ஜாக்காரவங்களுக்கு வார்த்தை குடுத்துருவாராம்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் அழலை சார், நீங்க வேற எங்கயும் பாக்காதீங்க" என்றாள். நான் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் இப்போது ஷார்ஜாவில்தான் இருக்கிறாள் என்று கேள்வி. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்களாம். கணினியைத் தொடுவதில்லையாம். யாரிடமும் போய் அது உண்மையா என்று நான் கேட்டதில்லை. இல்லையென்று யாராவது சொன்னால் சந்தோஷப்பட எனக்குத் தெம்பு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அமலான ஒரே விதி என் ஓய்வுதான். ஜூன் முப்பதாம் தேதி மாலை, ரோஜா மாலை, சால்வை, இயக்குநரின் உரை. விதிகளின் காவலர் என்று என்னைப் புகழ்ந்தார். கூட்டம் கலைந்து, நான் மாலையை மடித்து எடுத்துக்கொண்டு சைக்கிள் நிறுத்தத்துக்கு வந்தபோது அவர் அறையில் விளக்கு எரிந்தது. அவளுடைய பணியிடத்தை நிரப்பும் ஆணையில் அவர் அப்போதுதான் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. தடுத்து எழுத ஆள் இல்லை.

அவளை நீக்கியது செல்லாது, பணியிடம் காலியாக இருப்பின் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பதில் சென்னையிலிருந்து ஜூலை முதல் தேதி காலைத் தபாலில் வந்து சேர்ந்தது.